ஓங்கலின் மூச்சும் பதினொரு வாளித் தண்ணீரும்

அந்தக் காலையைப் பற்றி என் டைரியில் இருப்பது முக்கால் பக்கம்தான். அதை இதுவரை எத்தனை முறை படித்தேன் என்று குறித்து வைக்கவில்லை. வழக்கமாக அதையும் குறித்து வைப்பவன் நான்.

மழை ஓய்ந்த மார்கழி. கருவடிக்குப்பத்திலிருந்து நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஸ்கூட்டரில் வந்து, வைத்திக்குப்பம் மணலில் வடக்கே நடப்பது வழக்கம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். நடக்க வரும்போதும் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பதால் என்னை ‘முசியே’ என்பார், பிரெஞ்சில் ஐயா. அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

6.14க்கு அதைப் பார்த்தோம். டால்பின். மீனவர்கள் ஓங்கல் என்பார்கள். என் காலடியால் அளந்தேன், ஏழு அடி. வால் மட்டும்தான் அலைக்கு எட்டியது. உயிர் இருந்தது. உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு துளை, ‘ஃபுஸ்’ என்று திறந்து மூடியது. நான் டைரியை எடுத்துக் குறித்தேன். 6.15ல் மூன்று முறை. 6.16ல் மூன்று. 6.17ல் மூன்று. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

“தண்ணி கேக்குதுண்ணே,” என்றேன். “பாருங்க, எப்படித் தொறக்குதுன்னு.”

டால்பின் பாலூட்டி, நுரையீரலால் மூச்சு விடும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது கரையில் கிடக்கும் ஒரு மீன். அண்ணனும் நானும் தேடிப்போய் ஒரு படகிலிருந்து வாளி எடுத்துவந்தோம். அவர் அலையில் முக்கிக் கொண்டுவருவார், நான் ஊற்றுவேன். துளை திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் சரியாக அதன் மேல். அடுத்த வாளி வருவதற்குள் குறித்துக்கொள்வேன். 6.21ல் இரண்டு. 6.24ல் ஒன்று. 6.27ல் ஒன்று. பதினொரு வாளி, அதையும் குறித்தேன்.

படகில் நின்ற மழைத்தண்ணீரை இறைக்க வந்த ஒரு மீனவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“இன்னா சார் பண்றீங்க? அது மூக்கு சார்.”

கோபமில்லை. சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்கிற குரல்தான். “மீனில்ல சார் இது. நம்மள மாதிரி மூச்சு வுடுறது. ஈரத்துணிய முதுகுல போட்டுட்டு, மூக்க மட்டும் வுட்டுறணும்.”

கடைசி மூச்சு 6.32. வாளி என் கையில் இருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் கால்நடை மருத்துவர் வந்தார். இளம்பெண். கையுறை போட்டுக்கொண்டு, அறுப்பதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “யாராவது தலையில தண்ணி ஊத்துனீங்களா? மூக்குக்குள்ள போச்சா? தெரிஞ்சா சொல்லுங்க, திட்ட மாட்டேன்.”

மீனவர் கடலுக்குப் போய்விட்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மருத்துவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் குனிந்தார். மத்தியானத்துக்குள் அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அடுத்த எட்டு நாள் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் ஊற்றாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா? இது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. லாஸ்பேட்டையில் கல்லூரித் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை. கூட்டிய மதிப்பெண்ணையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது தலையில் ஒரு குவளைத் தண்ணீர் விழுந்தால் மூச்சு அடைத்தது.

“என்னங்க, ஒக்கார்றீங்க, எந்திரிக்கிறீங்க. மூலமா?” என்றாள் மனைவி.

என் மனதைத் திசைதிருப்பலாம் என்று அண்ணன் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். திமிங்கல வேட்டைக் கப்பல்களைப் பற்றியது. வரி வரியாகத் தமிழில் சொன்னார். திமிங்கலம் மேலே வந்து எத்தனை முறை மூச்சு விடும், பிறகு எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும் என்பதை வேட்டைக்காரர்கள் எண்ணி வைப்பார்களாம். ஒரே திமிங்கலத்துக்கு அந்த எண்ணிக்கை முறைக்கு முறை பெரிதாக மாறாதாம். அடுத்த மூச்சுக்கு அது வரும் நேரத்தில் ஈட்டியோடு படகு தயாராக இருக்கும். மூச்சில் ரத்தம் தெறித்தால் வேலை முடிந்தது. கப்பல் குறிப்பேட்டின் ஓரத்தில் பிடிபட்டதற்கு முழுத் திமிங்கல முத்திரை, தப்பியதற்கு வால் மட்டும். ஒரு குறிப்பேட்டின் படமும் அதில் இருந்தது. கையெழுத்து அடித்தல் திருத்தம் இல்லாமல் அவ்வளவு சுத்தம்.

“ஒங்கள மாதிரி ஒருத்தரு அந்தக் கப்பல்ல இருந்திருக்காரு முசியே,” என்றார்.

சிரிப்புக்குத்தான் சொன்னார். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டைரியோடு அந்தக் கால்நடை மருத்துவரிடம் போனேன். பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

“நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு இதுவரைக்கும் எனக்கு யாரும் எழுதிக் குடுத்ததில்ல சார்.”

“நான்தான் ஊத்துனேன் மேடம்.”

“அது இதப் பாத்தாலே தெரியுது.”

“அதனாலதான் செத்துச்சா?”

அவர் பேனாவை மூடினார். “நுரையீரல் பூரா புழு. ரொம்ப நாளா நோய். அதுதான் கரைக்கு இழுத்துட்டு வந்திருக்கு. பொழச்சிருக்கும்னு நான் சொல்லல. ஆனா மூச்சு எதால நின்னுச்சுன்னு கேட்டா... அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா உள்ள தண்ணி போயிருக்கான்னு அதுக்குன்னே தேடியிருப்பேன். சாம்பிள் எடுத்திருப்பேன். இப்ப புதைச்சாச்சே சார்.”

அவர் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்தார். பிறகு 6.17க்கும் 6.21க்கும் நடுவில் விரலை வைத்தார். “இங்க ஒண்ணும் இல்லையே?”

“வாளி தேடிட்டிருந்தோம். எண்ணல.”

“அப்ப அந்த மூணு நிமிஷம் அது பாட்டுக்கு மூச்சு வுட்டிருக்கும்,” என்றார்.

தன் அறிக்கையின் கடைசித் தாளில், மூச்சுத்துளையில் தண்ணீர் ஊற்றப்பட்ட விவரம் பின்னர் தெரியவந்தது என்று ஒரு வரி சேர்த்தார். சொன்னவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினேன். 11.40. அதற்கு மேலே, நுரையீரலில் நீர் என்ற வரிக்கு எதிரே ‘பார்க்கப்படவில்லை’ என்று அவர் கையால் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைத் திருத்த இனி யாராலும் முடியாது.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். “இன்னா சொன்னாங்க?”

“தெரியாதுன்னாங்கண்ணே.”

அவர் முசியே என்று சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் நடக்கக் கிளம்பலாமா என்று மட்டும் கேட்டார். ஸ்கூட்டர் பெட்டியில் இரண்டு பழைய துண்டுகளை மடித்து வைத்தேன்.