குப்பையில் கிடைக்காத ஹப்

அவரை எல்லோரும் 'பல்செட்' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்வது அவரில்லை. பல் லேபில் செய்து முடித்த பல்செட்டுகளை டப்பாவில் போட்டு, முதுகுப்பையில் வைத்து, சைக்கிளில் கொண்டுபோய்ப் பல் டாக்டர்களிடம் சேர்ப்பவர். வயது நாற்பத்தெட்டு. சொந்த வாயில் முன்பல் ஒன்று குறைவு. யாராவது கேட்டால், "விக்கிற சரக்குல கை வைக்கக் கூடாதுங்க" என்பார்.

சைக்கிள் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றினால் மிதியும் கூடவே சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் மிதியைப் பின்பக்கமாக அழுத்தி, காலாலேயே சக்கரத்தை அடக்க வேண்டும். இருபது வருஷமாக இதுதான் அவர் வண்டி. பிரேக் வைத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால், பாவம், உடம்பு சரியில்லாதவர்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

போன மாதம் கோர்ட்டுக்குப் போகும் இறக்கத்தில் பின்சக்கரத்து ஹப் அவர் காலை வாரிவிட்டது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளைதான் ஹப். செயின் ஓடும் பல்சக்கரம் அதன் மரையில்தான் முறுக்கி நிற்கிறது. இவர் பின்பக்கம் அழுத்த, தேய்ந்திருந்த மரை வழுக்க, பல்சக்கரம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். நேராக ஒரு மெத்தைக் கடைக்குள் போய் விழுந்தார். அடி இல்லை. ஆனால் கடைக்காரர் மூன்று ரக மெத்தையின் அருமை பெருமைகளைச் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க விடவில்லை. பல்செட் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். அது ஒரு வக்கீலுடையது. வெறும் வாயோடு வாதாடப் போன மனுஷன் சொன்னது நீதிபதிக்கு ஒரு வார்த்தையும் புரியாமல், கேஸ் ஜெயித்துவிட்டது என்று நம் ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

லேப் நடத்தும் மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிற ஆளா பாத்துக்கிறேன். நீங்க உள்ள உக்காந்து டப்பா கழுவுங்க."

டப்பா கழுவுவதாம். தெருத் தெருவாகப் போய், யார் வாயில் எத்தனை பல் சொந்தம் என்ற ரகசியமெல்லாம் தெரிந்து வைத்திருக்கிற மனுஷனை நாலு சுவருக்குள் அடைப்பதாம். இனி உடையவே உடையாத ஹப் ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினார்.

சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரிடமும் கேட்டார். அவரவர் ஹப்பை அவரவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"தான் வாங்கின பொருளை மட்டம்னு சொல்ற ஆளை இன்னும் நான் பாக்கல" என்று வீட்டில் அலுத்துக்கொண்டார்.

மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "நான் சொல்லலையா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து?"

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. மனைவியின் தம்பி பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். ஓட்டுகிறவன் பொய் சொல்வான், குப்பை சொல்லுமா? எந்த ஹப் குப்பைக்கு வரவே இல்லையோ, அதுதான் உடையாத ஹப்.

இரண்டு நாள் குவியலுக்குள்ளேயே கிடந்தார். பளபள ஹப்புகள் நாற்பது. பேரிங் குண்டு கொட்டினவை ஒரு கூடை. சைக்கிள் கடை அலமாரியில் பார்த்திருந்த, சாம்பல் நிறத்தில் தடித்த இரும்பு ஆக்சில் போட்ட ஒரு ரகம் மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை.

"என்ன மச்சான், புதையலா?" என்றான் மைத்துனன்.

"அதுக்கும் மேல மாப்ள."

"எதுவா இருந்தாலும் குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. அக்கா என்னையும் சேத்துத் திட்டும்."

சைக்கிள் கடைக்காரர் சாம்பல் ஹப்பை மேல் அலமாரியிலிருந்து எடுத்து, தூசியை ஊதி, கம்பி கோத்து, பல்சக்கரத்தை முறுக்கினார். அது கழலாதபடி எதிர்ப்பக்கம் முறுகும் வளையம் ஒன்றையும் மேலே போட்டு இறுக்கினார். எல்லாம் முடிந்த பிறகு, "இதை எப்படிண்ணே தேடிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். நம்மவர் பெருமையாகக் குப்பைக் கதையைச் சொன்னார்.

கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் வித்தாத்தானே அண்ணே அது குப்பைக்கு வரும்? ஆறு வருஷத்துல நீங்கதான் மொத ஆளு."

கம்பி கோத்த ஹப்பைத் திருப்பி வாங்க மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே வேலை வந்தது. பத்து மணிக்கு ஒரு பாட்டு வாத்தியாருக்குப் பல் மாட்ட வேண்டும். வழி, அதே இறக்கம். தள்ளிக்கொண்டு போகலாமா என்று யோசித்தார். போனால் பத்தரை ஆகும், டப்பா கழுவ வேண்டியதுதான். ஏறி உட்கார்ந்தார்.

பாதி இறக்கத்தில் சோபா ஏற்றிய வேன் ஒன்று பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் காலில் இறக்கி அழுத்தினார். டயர் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு நேரே வேனின் கதவு, ஒரு முழம் தள்ளி. ஹப் ஒரு நூல் அசையவில்லை. வலது முட்டி மட்டும் 'கடக்' என்றது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நொண்டிக்கொண்டே டாக்டரிடம் பல்லைக் கொடுத்தார். மதியம் மேடம் போன் செய்தார்.

"வாத்தியார் பாடிக் காட்டிட்டாராம். நீங்களே தொடர்ந்து எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க மேடம். நாளைக்கு மட்டும் லீவு வேணும்."

முட்டி பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. மனைவி எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"ஹப்பு நல்லாருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப முட்டிக்கு எந்தக் குப்பையில தேடப் போறீங்க?"

பல்செட் அதற்குள் பக்கத்துத் தெருவில் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆட்கள் யார் யார், அதில் எவர் நன்றாக நடக்கிறார் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தார்.