தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு ஒரு ஜோடிக் கரும்பு

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இருபத்தாறு கிலோமீட்டருக்குள், கூடப்பிறந்தவள் வீட்டுக்குச் சீர் தூக்கிக்கொண்டு அல்லாடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இது அவர்களுக்காக.

நான் மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறேன். தங்கை மாலதி கேளம்பாக்கத்தில். அவளுக்குக் கல்யாணமானதிலிருந்து பொங்கல் சீரை அப்பாதான் கொண்டுபோவார். அப்பா தவறிய வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. அதற்கடுத்த பொங்கல், அதாவது போன வருஷம், என் முறை. ஆபீஸில் வேலை இருந்தது. பெருங்களத்தூர் நெரிசலில் போய் மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. கைப்பேசியிலேயே ஐயாயிரம் ரூபாய் அனுப்பி, 'பொங்கல் சீர்' என்று எழுதி, ஒரு பானைப் படமும் போட்டுவிட்டேன். பத்தே நிமிஷத்தில் பணம் திரும்பி வந்தது. அதன்பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் போனை எடுப்பார்.

இந்த வருஷம் போகி அன்று லீவு போட்டேன். வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

காலை ஆறரைக்குத் தாம்பரம் மார்க்கெட். தெருவெல்லாம் போகிப் புகை, கண் எரிந்தது. ஒரு ஜோடிக் கரும்பு நூற்று முப்பது ரூபாய், மஞ்சள் கொத்து ஐம்பது, பச்சரிசி, வெல்லம், பழம், தேங்காய் எல்லாம் சேர்த்து அறுநூற்று எண்பது. புடவை முன்பே எடுத்து வைத்திருந்தேன். கரும்பைத் தோகையோடு முழுசாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஜோடியாக. மஞ்சள் கொத்து பானையின் கழுத்தில் கட்டுவதற்கு. புதிதாக விளைந்ததைச் சூரியனுக்குப் படைக்கிறோம், பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது கணக்கு. எங்கள் குடும்பத்தில் யாரும் வயலில் இறங்கிப் பல காலம் ஆகிறது. கரும்பு யார் விளைவித்ததோ தெரியாது. அப்படியிருக்க நாங்கள் கொடுக்கிற பங்குதான் என்ன என்று அன்றைக்கு முதல்முறையாக யோசித்தேன். நிற்க நேரம் நிறைய இருந்தது, அதனால் யோசித்தேன்.

ஏனென்றால் பேருந்தில் என்னை ஏற்றவில்லை. முதல் வண்டி நிற்கவே இல்லை. இரண்டாவது வண்டியின் கண்டக்டர் கரும்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலாக வெட்டி எடுத்துவந்தால் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, படியில்கூட இடமில்லை. எட்டு அடிக் கரும்பை உள்ளே விட்டால் யாராவது ஒருவர் கண் போயிருக்கும்.

ஐம்பது நிமிஷம் நின்றபிறகு, டீக்கடை வாசலில் மண்பானை ஏற்றிய ஒரு குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, நிற்பதைப் பார்த்தேன். கேளம்பாக்கம் போகிற சரக்கு. டிரைவரிடம் கெஞ்சினேன். இருநூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, கரும்பைப் பானைகளின் மேல் வைத்துக் கயிறு போட்டார். வெட்டிவிடலாமா என்று அரைமனதாகக் கேட்டேன்.

"இன்னா சார், வெட்டிகினு போனா அது சீரா? ஜூஸ் கடை சரக்கு. தங்கச்சி வூட்டாண்ட இப்படியே எறக்கி வுடறேன், கம்முனு குந்து சார்."

கம்மென்று உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் வரை நாலு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம். தெற்கே போகிற அத்தனை பேரும் பையும் குழந்தையுமாக ரோட்டிலேயே நின்றார்கள். வண்டலூரில் இடதுபக்கம் திரும்பியதும் ரோடு காலியானது. மாம்பாக்கம் தாண்டி இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு துண்டு நெல்வயல் இருந்தது. வழியெல்லாம் மாலதியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் கரும்பைப் பார்த்தாள், பிறகு என்னை. வா என்று சொல்லவில்லை. செருப்பை ஓரமாக விடச் சொன்னாள், அவ்வளவுதான். செருப்பை விட்டுவிட்டு, கரும்பை நீட்டினேன். அவள் கரும்பை வாங்கி வாசல் சுவரில் சாய்த்துவைத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

அப்போது பக்கத்து வீட்டு நசீமா வெளியே வந்தார். என்னை இதற்குமுன் பார்த்ததில்லை.

"மாலதி அண்ணனா? போன வருஷம் நீங்க கொண்டாந்த கரும்பு அவ்ளோ இனிப்புண்ணா. எங்க வீட்டுக்கும் குடுத்தா. நீங்க உடனே கிளம்பிட்டீங்கன்னு சொன்னா, பார்க்க முடியல."

போன வருஷம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. மாலதி திரும்பவில்லை, துடைப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். இந்தக் கரும்பும் நன்றாகத்தான் இருக்கும் என்று நசீமாவிடம் ஏதோ சொல்லி வைத்தேன். அவர் உள்ளே போனதும், "தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். அவமானமாக இருந்தது.

அவள் கரும்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கடையில நின்னு ஜோடி என்ன விலைன்னு நானே கேட்டேன் பாரு, அப்பதான்ணா எனக்கு அப்பா இல்லைன்னு புரிஞ்சுது."

பிறகு சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அன்றைக்கு நான் கிளம்பவில்லை. மறுநாள் பால் பொங்கும்போது பக்கத்தில் நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கரும்பைத் தாம்பரத்தில் வாங்காதீர்கள், கேளம்பாக்கத்திலேயே இறங்கி வாங்கிக்கொள்ளலாம், விலை பத்து இருபதுதான் கூடுதல். ஆறு மணிக்குமுன் பெருங்களத்தூரைத் தாண்டிவிடுங்கள். மஞ்சள் கொத்தை ஈரத்துணியில் சுற்றினால் வாடாது. போகவே முடியாவிட்டால் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். பணத்தை அனுப்பிவிட்டு முறை செய்தாகிவிட்டது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அங்கே ஒருத்தி தனியாகக் கடைக்குப் போய், உங்கள் பெயரில் கரும்பு வாங்கிக்கொண்டிருப்பாள்.