கால் கழுவிய கிண்ணம்

என் தையல் பெட்டிக்குள் ஊசிக்கும் நூலுக்கும் நடுவே ஒரு பீங்கான் துண்டு கிடக்கிறது. பெருவிரல் நகத்தளவுதான். அதில் நீல நிறத்தில் அரைப் பூ. மிச்சப் பூ கொழும்பு நூதனசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பெரிய கிண்ணத்தில் இருக்கிறது.

அது உடைந்தபோது நான் தம்பலகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக ஆசிரியை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் ஒல்லாந்தர் காலத்துப் பங்களா இருந்தது. அதில் டச்சு வழிவந்த ஒரு பறங்கி விதவை தனியே வாழ்ந்தார். சீமாட்டி என்ற பொருளில் எல்லோருக்கும் அவர் நோனா. கணவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வாள்கள், கடல் வரைபடங்கள், சங்குகள், சீனப் பீங்கான்கள் வீடு முழுக்க. பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டு எழுதினேன். வாருங்கள் என்று பதில் வந்தது. தலைமையாசிரியைக்குத்தான் மனமில்லை.

"வயல் சேத்துக்குள்ள நடக்கிற பிள்ளையள். அங்க ஏதும் உடைஞ்சால், நிரந்தர நியமனம் எண்டு என்னட்ட வராதையும்" என்றார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் என் வேலை நிலைக்கும். வீட்டில் என்னை நம்பி ஐந்து பேர்.

மார்கழி மழை. பஸ்ஸால் இறங்கி மேடேறுவதற்குள் இருபது பிள்ளைகளின் கால்களிலும் சேறு. விறாந்தையில், வாசலோரமாக, நீலப் பூப்போட்ட பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீர். வாசலில் தண்ணீர் வைத்திருந்தால் எங்களூரில் அது வேறெதற்காம்? "நோனா எவ்வளவு பண்பான ஆள், பாத்தீங்களோ? கால் கழுவிப்போட்டு உள்ள வாங்கோ பிள்ளையள்" என்று நானே தொடக்கி வைத்தேன். குடிக்கக் கொண்டுபோன எனாமல் கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். கடைசிப் பிள்ளைக்கு ஊற்றும் அவசரத்தில் கோப்பை கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. சின்னச் சத்தம்தான்; விளிம்பிலிருந்து ஒரு துண்டு தெறித்து விழுந்தது. நிமிர்ந்தால் கதவடியில் நோனா, கை நிறையத் தாமரைப் பூக்கள். எங்களை வரவேற்க, அந்தத் தண்ணீரில் மிதக்கவிடக் கொண்டுவந்திருக்கிறார்.

"பிள்ளையள் இல்லை நோனா, நான்தான்" என்றேன். அதற்குமேல் ஏலவில்லை, அழுதுவிட்டேன். மாணவிகள் முன்னால் டீச்சர் அழுத வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல!

நோனா பூக்களைக் கதிரையில் வைத்துவிட்டு, குனிந்து துண்டைப் பொறுக்கினார். முகம் சிவந்திருந்தது. கோபமே வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் கழுவிய கால்களைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"எனக்கும் ஊத்துங்கோ டீச்சர். இந்த வீட்டுக்கு எத்தனையோ துரைமார் வந்தவை. கால் கழுவிப்போட்டு வந்த ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்."

ஊற்றினேன். உள்ளே போனதும் பிள்ளைகளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. "இவ்வளவு கோப்பையையும் ஆர் கழுவுறது?" என்று ஒருத்தி கேட்க, நோனா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

அடுத்த கிழமை தலைமையாசிரியைக்குக் கடிதம் வந்தது. என்னைக் கூப்பிட்டு வாசித்தார். "பிள்ளைகள் சுத்தமான கால்களோடு வந்தார்கள். இதே ஆசிரியையோடு அடுத்த வருஷமும் அனுப்புங்கள்." அவ்வளவுதான். கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் நியமனம் நிரந்தரமாயிற்று. வருஷா வருஷம் போனோம். வாசலில் வாளியும் செம்பும் எங்களுக்காகக் காத்திருந்தன.

நோனா தளர்ந்த காலத்தில் பொருட்களெல்லாம் கொழும்பு நூதனசாலைக்குப் போயின. கடைசியாகப் போனபோது துண்டை என் கையில் வைத்தார். "கிண்ணம் அவையளுக்கு. இது உங்கட" என்றார்.

போன மாதம் மகளோடு போய்க் கிண்ணத்தைப் பார்த்தேன். "அம்மா, உங்களிட்ட இருக்கிறது இதின்ர துண்டெல்லே? குடுத்தால் ஒட்டுவினம்" என்றாள்.

"ஏலாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அரைப் பூவைத் தொட்டுப் பார்த்தேன். அந்த உடைவு அப்படியே இருக்கட்டும். அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு வந்தது.