குதிரை வந்தது, கடிவாளம் வரவில்லை

இன்றைக்கு என் பெயரில் நாலு லாரி ஓடுகிறது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கையெழுத்துப் போடவே முப்பது வயதில்தான் கற்றுக்கொண்டேன். கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அந்தச் சம்பாத்தியத்தில் சொந்தமாக ஜட்கா வண்டி வாங்கியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமை என்றாலும் தப்பில்லை. எந்த வேலையையும் ஒரு தரம் பார்த்தால் பிடித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட என் மூளை ஒரே ஒரு விஷயத்தில் வேலை செய்யாமல் நின்றுபோனது. குதிரைக்கு எந்தக் கடிவாளம் வாங்குவது என்பதுதான் அது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தேன். குதிரை இன்னும் வரவில்லை. அதற்குள் திருப்பாப்புலியூரில் குடியிருந்த ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டேன். அவருக்கு மஞ்சக்குப்பத்தில் கிளினிக். காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வர வேண்டும். வண்டிக்காரனுக்கு அப்படி ஒரு வாடிக்கை கிடைத்தால் அது மாதச் சம்பளம் மாதிரி. ஸ்டேஷன் வாசலில் ரயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம்.

டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான். "எனக்கு முதுகு வலி இருக்கு. குலுக்காம போகணும். வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை வாங்க. அன்னிக்கு சரியா இருந்தா தெனமும் நீங்களே வாங்க."

மறுநாளே சிதம்பரம் போனேன். கீழவீதிக்குப் பின்னால் லாயம் வைத்திருந்த ஒருவரிடம் செவலை நிறத்தில் ஒரு பெண் குதிரை இருந்தது. என் கண் முன்னாலேயே வண்டியில் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். தண்ணீர் மாதிரிப் போனது. பேசி முடித்தோம். உடனே அவர் குதிரையின் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"கடிவாளம்?" என்றேன்.

"அது வராது. குதிரையோட கடிவாளத்தையும் சேத்துக் குடுத்துட்டா லாயத்துல அடுத்த குதிரை நிக்காது. எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க குடுத்தது கெடையாது."

அது எந்த மாதிரிக் கடிவாளம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புவனகிரி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று இரண்டு நாள் நடை. இப்போது சிப்காட் ஆலைகள் நிற்கிற ரோடு அப்போது முந்திரியும் சவுக்குமாகக் கிடந்தது. வழியெல்லாம் குதிரை என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டே சாதுவாக வந்தது.

கடலூர்ப் பழைய டவுனில் தோல் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். கடிவாளம் வேண்டும் என்றேன்.

"வாய் அளவு கொண்டாந்தியா தம்பி?"

"குதிரை அளவுதான் பாய்."

"சட்டை எடுக்க வந்து ஆளு அளவுதான்னு சொல்லுவியா? போய் ஒரு நூலு வச்சு அளந்துகிட்டு வா."

அளந்துகொண்டு வந்தேன். பாய் ஒரு பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். வாய்க்குள் போகிற இரும்பில் மட்டும் நாலு தினுசு. நேராகக் கனமாக ஒன்று. நடுவில் மூட்டு வைத்து மடங்குவது ஒன்று. கயிறு மாதிரி முறுக்கியது ஒன்று. மெல்லிசாக ஒன்று. மெல்லிசுதான் குதிரைக்கு நோகாது என்று நினைத்து அதில் கை வைத்தேன்.

"அது வேணாம். மெல்லிசுன்னா அறுக்கும். கனமா இருந்தாத்தான் வாய்க்கு மெத்துன்னு இருக்கும்" என்றார் பாய். இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கனமான மூட்டை தோளுக்கு மெத்தென்று இருந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கனமானதையே எடுத்தேன்.

"நான் வந்து மாட்டித் தரவா?"

"கட்டுறதுக்கு எனக்கா ஆளு வேணும்?" என்றேன். உண்மையும் அதுதான். படகில் நான் கட்டிய மூட்டை கடல் நடுவில் ஒரு விரல்கூட நகர்ந்ததில்லை. துறைமுகத்தில் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். வீட்டுக்கு வந்து, அதே மாதிரி கடிவாளத்தின் வாரை இழுத்து, கடைசி ஓட்டையில் மாட்டி, கடிவாளம் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை.

வண்டியில் பூட்டியதும் குதிரை தலையை மேலே வீசியது. நாலு அடி போய் நின்றது. லகானை இழுத்தால் பின்னால் நடந்தது. சிதம்பரத்தில் தண்ணீர் மாதிரிப் போன குதிரை இதுதானா, லாயக்காரர் குதிரையை மாற்றி வேறு எதையாவது கட்டி அனுப்பிவிட்டாரா என்று நெற்றிச் சுழியைப் பார்த்தேன். அதே சுழி.

பாய் நல்ல மனுஷர். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று சொல்லியிருந்தார். மூட்டு வைத்ததை வாங்கி வந்தேன். தலையை வீசுவதோடு நாக்கையும் வெளியே தள்ளியது. ஸ்டேஷன் வாசலில் ஒருத்தர், இது திமிர் பிடித்தது, முறுக்குக் கம்பி போட்டால்தான் அடங்கும் என்றார். போட்டேன். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொருத்தர், பக்கத்தில் பார்க்க விடாமல் மறைக்கிற கண்பட்டை கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது என்றார். அதைத் தள்ளி வைத்தேன். கண்ணேறு என்றார்கள். எலுமிச்சம்பழம் கட்டினேன். மெல்லிசுக் கம்பியையும் பாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கி வந்து போட்டேன். நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

என் மனைவியின் தம்பி அதே ஸ்டேஷனில் பத்து வருஷமாக ஜட்கா ஓட்டுகிறவன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"மாமா, கடிவாளத்த மாத்தினீங்க, கண்பட்டைய மாத்தினீங்க. பேசாம ஆள மாத்திப் பாக்கலாமே."

"மச்சான், உன் வேலையப் பாரு."

"குடுங்க, நான் ஒரு தடவ மாட்டிப் பாக்கறேன்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கயிறு புடிச்சவன் நான்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. விடிந்தால் டாக்டரம்மா. வேறு வழி இல்லாமல் ரயில் ஏறிச் சிதம்பரம் போனேன். லாயக்காரர் கொள்ளு ஊற வைத்துக்கொண்டிருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அந்தப் பழைய கடிவாளத்தை ஒரு பார்வை பார்க்கலாமா என்றேன். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நேரான, கனமான இரும்பு. நான் முதலில் வாங்கினேனே, அதேதான். விரல் வைத்து அளந்தேன். அளவும் அதேதான்.

"செவலைக்கு இதையா போட்டீங்க?"

"ஆறு வருஷமா இதான். ஏன், எதுனா சந்தேகமா?"

"எனக்கா? சந்தேகமா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வேறு கடிவாளமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரே குதிரை, ஒரே இரும்பு, அங்கே போகிறது, இங்கே போகவில்லை. அப்படியானால் எது வேறு? கடலூர்க் காற்றா? என் வண்டியா? பரங்கிப்பேட்டை தாண்டி கடலூர் வரைக்கும் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கனமானதையே போட்டேன். போன தடவை இறுக்கம் போதவில்லையோ என்று ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இன்னும் இழுத்து மாட்டினேன்.

டாக்டரம்மா ஏறி உட்கார்ந்தார். கெடிலம் பாலம் வரைக்கும் எப்படியோ போய்விட்டோம். பாலத்தில் எதிரே பஸ் வந்தது. லகானைப் பிடித்தேன். குதிரை தலையை உதறிப் பின்னாலேயே நடந்ததில் சக்கரம் கைப்பிடிச் சுவரில் இடித்தது. டாக்டரம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நேராகக் குதிரையின் முகத்துக்குப் போய், உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"இங்க வந்து பாருங்க. வாய் ஓரம் ரெண்டு பக்கமும் கிழிஞ்சு புண்ணா இருக்கு."

"கடிவாளம் சரியில்லீங்க. நாலு மாத்திப் பாத்துட்டேன்."

"எனக்குக் குதிரை தெரியாது. புண்ணு தெரியும். இது இழுத்துக் கட்டுனதால வந்தது. யாரு கட்டுறது?"

நான் குனிந்து குதிரையின் வாயைப் பார்த்தேன். ஒரு வாரமாக இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் காலி வண்டியோடு மச்சான் வந்தான். டாக்டரம்மா அதில் ஏறிக்கொண்டார். புண் ஆறுகிற வரைக்கும் இரும்பு போடக் கூடாது, மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் போட வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் வண்டி நின்றது. புண் ஆறியதும் அதே கனமான கடிவாளத்தை, பயந்துகொண்டே, மூன்று ஓட்டை தள்ளித் தளர்வாக மாட்டினேன். இது கழன்று விழுந்துவிடும் என்று என் கை சொன்னது. விழவில்லை. குதிரை தண்ணீர் மாதிரிப் போனது. எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. இறுக்கினால் குதிரை அடங்காது, தளர்த்தினால் அடங்கும் என்ற கணக்கு இன்றைக்கும் என் மூளைக்குள் முழுசாக ஏறவில்லை.

நேரே டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் மச்சான் வண்டி நின்றது. டாக்டரம்மா அதில் ஏறிக்கொண்டே என் குதிரையின் வாயைப் பார்த்து, "நல்லா ஆறிடுச்சே" என்றார். "ஆனா இவர்கிட்ட தெனமும் வரச் சொல்லிட்டேன். மாத்தினா நல்லா இருக்காது."

மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான். "மொத நாளே தெரிஞ்சுது மாமா. நீங்கதான் கிட்டக்க விடல."

தெரிந்தவன் கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? என் பிழைப்பைப் பிடுங்கினானா, என் குதிரையைப் புண்ணோடு ஓட விடாமல் காப்பாற்றினானா? இவனிடம் சண்டை போடுவதா, டீ வாங்கிக் கொடுப்பதா? நான் என் வண்டியில் ஏறி லகானை எடுப்பதற்குள் அவன் வண்டி கிளம்பிவிட்டது. என் குதிரை, நான் சொல்லாமலே, அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தது. லகான் என் கையில்தான் இருந்தது. இழுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே காலி வண்டியில் உட்கார்ந்து மஞ்சக்குப்பம் வரைக்கும் போய்விட்டேன்.