தீன் போடும் கை

ஐயாவுக்குக் குடலிறக்கம். மாடுகளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளி, அடிவயிற்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் வீக்கம் வந்துவிட்டது. வெட்டி, உள்ளே ஒரு சிறு வலை வைத்துத் தைக்கவேண்டும் என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர். தள்ளிப்போட்டால் குடல் முறுகலாமாம். காற்று எழும்பி எங்கள் நெடுந்தீவிலிருந்து படகு ஓடாத நாளில் முறுகினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

“வயித்துக்குள்ள என்ன மீனோ ஓடுது, வலை போட?” என்றார் அம்மா.

ஐயா சிரிக்கவில்லை. “தம்பி, பிற சாமானை உடம்பு ஏற்குமோ?” என்று மகனான என்னைக் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் மேலே படித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே என் வேலையும். ஆய்வுகூடத்தில் முயல்களை மயக்கி, காயம் தைக்கும் நூல் போன்றவற்றில் ஒரு துண்டைத் தோலுக்கடியில் வைப்போம். வீங்குகிறதா, சீழ் கட்டுகிறதா என்று தினமும் பார்ப்போம். ஐயாவுக்கு வைக்கப்போகும் வலையையும் எங்கோ இப்படித்தான் சோதித்திருப்பார்கள் என்றேன்.

“கடைசியிலை முயலுகளை விட்டிடுவியளோ?”

“இல்லை ஐயா. தசையை எடுத்துப் பார்க்கவேணும். நோகாமல் ஊசி போட்டு…”

“ஆர் போடுறது?”

“நான்தான்.”

“தீன் போடுறது?”

“அதுவும் நான்தான். பழகின கையெண்டால் அதுகள் பயப்படாதுகள்.”

ஐயா என் கையைப் பார்த்தார். எங்கள் மாடுகளுக்குக் குறிசுடும்போது அவர் இரும்பைத் தொடமாட்டார். பக்கத்து வளவு அண்ணைதான் சுடுவார். அவருடைய மாடுகளுக்கு ஐயா போய்ச் சுடுவார். தீன் போடும் கையை மாடு சந்தேகப்படக்கூடாது. சூடு முடிந்த பிறகுதான் ஐயா தின்னக் கொடுக்கப் பூவரசங்குழையோடு பட்டிக்குள் போவார்.

“பாவமடா,” என்றார்.

“ஓம் ஐயா, பாவம்தான் முயலுகள்.”

“உன்னையுமெல்லோ சொல்லுறன். பிறகு உனக்குச் சோறு இறங்குமோ?”

“முதல் நாள் இறங்கேல்லை.”

ஆய்வுகூடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“சரி, வெட்டட்டும்,” என்றார் கடைசியில். “அதுகள் பட்டது வீணாய்ப் போகப்படாது. ஆனா என்னைக் கொண்டுபோய் விட நீ வரப்படாது. கொம்மா வரட்டும். நீ பிறகு சாப்பாட்டோடை வா.”

அந்தக் கிழமை, கூட வேலைசெய்யும் அக்காவிடம், என் முயல்களுக்குக் கடைசி ஊசியை நீங்கள் போடுங்கள், உங்களுடையவற்றுக்கு நான் போடுகிறேன் என்று கேட்டேன். சம்மதித்தார். அவர் கையில் முயல் கொஞ்சம் உதைத்தது. எது சரியென்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஐயாவை வெட்டிய அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றேன். சாப்பிடக் கொடுக்கலாம் என்று தாதி சொன்ன பிறகுதான் கஞ்சியோடு உள்ளே போனேன். ஐயா கண்ணை மூடிக் கிடந்தார். கோப்பையில் கரண்டி பட்ட சத்தத்துக்குத் தலையைத் திருப்பி, கண் திறக்காமலே வாயைத் திறந்தார்.