கன்னியம்மா அனுப்பிவைத்த ஹெலிகாப்டர்

சென்ற செவ்வாய்க்கிழமை எண்ணூர்க் கடற்கரையில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. புயலில் சிதைந்த மீனவர் குப்பத்தைப் பற்றி எழுதச் சென்றிருந்த நான், ஆங்கிலம் மட்டுமே அறிந்த அதன் விமானிக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். வேறு ஆள் இல்லையே!

மீனவர் முனுசாமியின் தம்பி ஏழுமலை கட்டுமரத்தோடு போய் இரண்டு நாளாகிறது, கரை திரும்பவில்லை. நீரோட்டம் அவனை எங்கே இழுத்திருக்கும் என்று அறிந்தவர் முனுசாமி. அவரை ஏற்றிக்கொண்டு தேடுவதாக ஏற்பாடு. அவரும் தயார். ஆனால், மனைவி கன்னியம்மா அவர் கையை விட்டால்தானே?

"யோவ், கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? றெக்கை லொடலொடன்னு ஆடிக்கினு கீது பாரு! தம்பியும் போயி நீயும் போனா நான் இன்னா செய்வேன்?"

உண்மைதான். நின்றிருந்த இயந்திரத்தின் நீண்ட இறக்கைகள் கடற்காற்றில் மேலும் கீழும் அசைந்தன. நானும் இரண்டடி பின்வாங்கினேன்.

விமானி பொறுமையாக விளக்கினார். நானும் பெருமிதத்தோடு தமிழாக்கினேன்:

"அம்மா! முன்னோக்கிப் பறக்கையில், காற்றை எதிர்த்துச் சுழன்று வரும் இறக்கையைக் காற்று மிகுதியாகத் தூக்கும். மறுபக்கத்து இறக்கையைக் குறைவாகத் தூக்கும். இதனால் இயந்திரம் ஒருபுறமாகக் கவிழ்ந்து..."

"கவுந்துடுமாம்! சாரே சொல்ட்டாரு!" என்று அலறினார் கன்னியம்மா.

அவ்வளவுதான். என் எஞ்சிய விளக்கத்தைக் கேட்க அங்கே எவருமில்லை.

விமானி இறக்கையின் அடியிலிருந்த கீலைத் தொட்டுக் காட்டினார். உள்ளங்கையை ஏற்றி இறக்கினார். முனுசாமி சிரித்துவிட்டார்.

"இன்னாம்மே, நம்ம கட்டுமரத்தை ஆணியடிச்சா சேத்துக்கீறோம்? கவுறு போட்டுத்தானே கட்டிக்கீறோம்! அலை தூக்குற பக்கம் எழும்பிக் குடுக்குது, அப்பால அடங்கிடுது. ஆணியடிச்சா மொத அலையிலயே பொளந்துடும். இதுவும் அப்டித்தான். காத்து தூக்குற றெக்கை எழும்பிக் குடுக்குது. வெறைப்பா நின்னாத்தான் கவுக்கும்!"

கன்னியம்மா இறக்கைகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, மெல்லக் கையை விட்டார்.

"அவன இட்டுக்கினு வா."

முனுசாமி ஏறிக்கொள்ள, இயந்திரம் எழும்பியதும் விமானி கைப்பிடியை முன்னே சாய்த்தார். சுழலும் இறக்கைகள் ஒவ்வொன்றும் முறைவைத்துத் தம் கோணத்தை மாற்றிக்கொள்ள, இயந்திரம் தலை தாழ்த்திக் கடல்மேல் விரைந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, முனுசாமி தரையில் கால் வைக்குமுன்பே கத்தினார்: "கீறான்! கை ஆட்றான்! அவன இட்டாற லாஞ்சு படகு போயிகினு கீது!"

மாலையில் ஏழுமலை கரை சேர்ந்தான். அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கன்னியம்மா என்னை ஏறிட்டார்.

"சாரு, அடுத்த தபா 'கவுந்துடாது'ன்னு மொதல்ல சொல்லிடு. அப்பால எவ்ளோ வேணா பேசு."

இத்தனை ஆண்டு எழுத்து வாழ்க்கையில் எந்தப் பத்திராதிபரும் எனக்கு இதைச் சொன்னதில்லை!