குடிலுக்குப் பூட்டு இல்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. ஹெல்யு இதைச் சொன்னபோதெல்லாம் ஒரு வார்த்தை மாறியதில்லை. நம் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் இல்லை.

எஸ்டோனியாவைச் சோவியத் படை பிடித்து வைத்திருந்த காலம். நாட்டை மீட்கத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களில் பக்கத்துப் பண்ணை எல்மாரும் ஒருவன். நவம்பரில், பனி கொட்டிய ஒரு மாலை, அவன் ஹெல்யு வீட்டுக் கதவைத் தட்டினான்.

“அக்கா, குளிர் தாங்கல. உங்க குளியல் குடில்லயாவது படுத்துக்கறேன்.”

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. கணவன் யூஹான் தடுத்தான்.

“திற. அப்புறம் நாம சைபீரியால போய்ப் படுத்துக்கலாம்.”

கை இறங்கியது.

“குடில்லயும் வேணாம்ப்பா. போயிடு.”

“சரிக்கா.”

அவ்வளவுதான்.

அந்த வாரமே ஆவிகள் வீடு திரும்பும் நாள் வந்தது. இறந்துபோன அப்பா வந்து நீராவியில் குளிக்க, ஹெல்யு குடிலில் கல்லடுப்பைச் சூடேற்றினாள். வாளித் தண்ணீர், துண்டு, குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளக் கோடையில் கட்டி உலர்த்திய பிர்ச் மர இலைக்கொத்து, எல்லாம் வைத்தாள்.

“மாமனாருக்கு பீர் வெச்சியா? கோச்சுக்கப் போறாரு,” என்றான் யூஹான்.

அவள் சிரிக்கவில்லை. உயிரோடு வந்தவனை விரட்டிவிட்டு, செத்தவருக்குத் துண்டு மடித்திருக்கிறாள்.

இருட்டியது.

ஸ்ஸ்ஸ்…

சூடான கல்லில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.

சளக்… சளக்…

இலைக்கொத்து உடம்பில் விழும் சத்தம்.

“போகாதடி!” என்றான் யூஹான்.

அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனாள். குடில் வாசல் பனியில் அவளுடைய பழைய காலடித் தடங்கள் மட்டுமே இருந்தன.

“எல்மாரா?”

சத்தம் நின்றது.

“மன்னிச்சிருப்பா. ரொட்டி வெச்சிருக்கேன். நல்லா குளிர் காஞ்சுக்க. நான் பாக்க மாட்டேன்.”

உள்ளே ஒரு பெருமூச்சு…

“இப்பதான்க்கா குளிர் விடுது…”

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். வாசலில் ரொட்டி இல்லை.

விறகெடுக்கக் குடிலின் பின்னால் போன யூஹான் அலறினான்.

எல்மார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மார்புவரை பனி, கலையாமல் மூடியிருந்தது. கதவைத் தட்டிய அன்றே உயிர் போயிருந்தது.

அந்தக் குடிலுக்குப் பூட்டே கிடையாது. தள்ளினால் திறக்கும். வேண்டாம் என்று சொன்னவர்கள் இடத்தில் அவன் நுழையவில்லை.

கட்டையாய் விறைத்த அவன் பிடரியில் ஒரு பிர்ச் இலை ஒட்டியிருந்தது.

ஹெல்யு தொட்டுப் பார்த்தாள்.

இலை ஈரமாக இருந்தது. சுட்டது.